உலாவிக்குள் ஒரு பெட்டகம்: அடைக்கலப் பொருளின் அறம்

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டுவதற்கென்று பிறந்த உலாவி, 2016-க்குப் பிறகு பணப்பெட்டகமாகவும் மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு வந்த மெட்டாமாஸ்க், உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் நீட்சியாக ஈத்தரியம் நாணயங்களைக் கையாள வழி செய்தது. 2018-ல் ஓப்பரா நிறுவனம் தன் ஆண்ட்ராய்டு உலாவியிலேயே கிரிப்டோ வாலட்டைப் பதித்துத் தந்தது. பிரேவ் உலாவி 2021 நவம்பரில் அதே பாதைக்கு வந்தது. இத்தகைய உலாவியில் வாலட்டைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. செய்தி படிக்கும் சன்னலின் ஓரத்திலேயே பெட்டகத்தின் கதவும் இருக்கிறது. இந்தியாவில் 2025 ஜனவரியில் ஜியோ நிறுவனம் பாலிகன் லேப்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, தன் ஜியோஸ்பியர் உலாவியில் உலவுவோருக்கு ஜியோகாயின் என்ற வில்லைகளை வழங்கத் தொடங்கியது. அப்போது அவற்றைப் பிறருக்கு மாற்றவோ ரூபாயாக்கவோ வழியில்லை. ஆனாலும் உலாவி என்பது பொருள் சேரும் இடம் என்ற எண்ணம் அதன் மூலம் கோடிக்கணக்கான கைபேசிகளின் அருகே வந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டுக்குத் தொழில்நுட்பப் பக்கமும் வரிப் பக்கமும் உண்டு. இந்தியச் சட்டம் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி விதிக்கிறது. அதே ஆண்டு ஜூலை முதல் ஒவ்வொரு மாற்றத்திலும் 1 விழுக்காட்டை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. வரி எவ்வளவு என்பது தெளிவாக இருக்கிறது. உடைமை என்றால் என்ன என்பது அத்தனை தெளிவாக இல்லை. ஒரு பொருள் ஒருவருடையது என்று சொல்ல, அதைத் திறக்கும் ரகசியம் அவருக்குத் தெரிந்திருப்பது போதுமா? மனம் ஒப்பிக் கொடுத்தலும் பெறுதலும், அவற்றை அறிந்த சாட்சியும் வேண்டாமா? சமயங்கள் தங்கள் சட்ட நூல்களில் மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்த கேள்வி இது.

அதை எழுப்பிப் பார்க்கக் கொச்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. நகரின் கிழக்கே உள்ள காக்கநாட்டில் 2004-ல் தொடங்கிய இன்ஃபோபார்க் இருக்கிறது. சீரோ மலபார் திருச்சபையின் தலைமையகமான மவுண்ட் செயின்ட் தாமஸும் அதே காக்கநாட்டில்தான். அருகிலேயே நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை, அதாவது திருக்காக்கரை வாமனமூர்த்தி கோயில் நிற்கிறது. மேற்கே காயலோரம் மட்டாஞ்சேரி. 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளி, கச்சி மேமன்களின் பள்ளிவாசல், 1904-ல் எழுந்த தர்மநாதர் சமணக் கோயில், கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம் ஆகிய நான்கும் அங்கே நடந்து போகும் தொலைவுக்குள் இருக்கின்றன. மிளகும் கடனும் கைமாறிய அந்தத் தெருக்களில், வேறு வேறு வேதங்களை ஓதியவர்கள் ஒருவர் பொருளை ஒருவர் நம்பி ஒப்படைத்து வாழ்ந்தார்கள்.

வாலட் என்று பெயர் இருந்தாலும் அதற்குள் நாணயம் எதுவும் இல்லை. யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒன்றுபோல எழுதப்பட்ட பேரேட்டில் இருக்கிறது. பேரேட்டில் உள்ள ஒரு முகவரியின் இருப்பை நகர்த்துவதற்கான சாவி மட்டுமே வாலட்டில் இருக்கிறது. அந்தச் சாவி 256 இரும இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதை மனிதர் எழுதிவைத்துக்கொள்ள 2013-ல் ஒரு முறை வகுக்கப்பட்டது. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்கள் ஒரு வரிசையில் தரப்படும். அந்த வரிசை தெரிந்தால் சாவியை எங்கிருந்தும் மறுபடி உருவாக்கிவிடலாம். அந்த முறையின் பட்டியல் ஆங்கிலம், ஜப்பானியம், ஸ்பானியம் முதலிய சில மொழிகளில் வகுக்கப்பட்டது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் வகுக்கப்படவில்லை. ஆகவே காக்கநாட்டிலோ கோவையிலோ இருக்கும் ஒருவர் தன் சேமிப்பு முழுவதையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத அயல்மொழிச் சொற்களாகக் காகிதத்தில் எழுதிக் காக்க வேண்டியிருக்கிறது.

உலாவி அந்தச் சாவியைக் கடவுச்சொல்லால் பூட்டிப் பயனரின் கருவியிலேயே வைக்கிறது. நிறுவனத்தின் கணினிக்கு அது போவதில்லை. ஒரு தளம் பணம் கேட்டால் உலாவி சிறு சன்னல் ஒன்றைத் திறந்து ஒப்புதல் கேட்கும். பொத்தானை அழுத்தியதும் சாவி கையொப்பமிடும். பேரேடு அதை ஏற்றுக்கொள்ளும். சொற்களை மறந்தவருக்கு மீட்டுத் தர ஆள் கிடையாது. தவறாக அனுப்பியவர் திரும்பப் பெறவும் வழி கிடையாது.

இது குறைபாடாக நுழைந்ததல்ல, கொள்கையாகவே வைக்கப்பட்டது. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் கட்டுரையின் மையக் கருத்தே, நம்பத்தக்க இடையாள் யாரும் இல்லாமல் இருவர் பணம் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். வங்கி திவாலாவதையும் அரசு கணக்கை முடக்குவதையும் கண்டவர்களுக்கு அது வெறும் வசதியாகத் தெரியவில்லை, விடுதலையாகத் தெரிந்தது. சாவி உன்னிடம் இல்லையென்றால் நாணயமும் உன்னுடையது அல்ல என்ற கோஷம் அந்த வட்டாரத்தில் வேதவாக்குப் போல வழங்குகிறது. எச்சரிக்கை என்ற அளவில் அது சரியான வாக்கு. பிறர் கையில் சாவியை விட்டவர்கள் பலர் பணத்தை இழந்திருக்கிறார்கள். ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, சாவி யாரிடம் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று கொண்டால் அறமே குலைந்துவிடும். சாவியைத் திருடியவனும் அந்தக் கணமே உரிமையாளனாகிவிடுவான். பேரேட்டுக்கு இரண்டும் ஒன்றே. மனிதருக்கு ஒன்றல்ல.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் இந்த இடத்தைத் தொட்டது. வஸீர்எக்ஸ் என்ற பரிவர்த்தனை நிறுவனத்தில் 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் அங்கே எக்ஸ்ஆர்பி என்ற நாணயம் வாங்கி வைத்திருந்தார். திருடு போனவை வேறு வகை நாணயங்கள். ஆனாலும் அவர் கணக்கும் சேர்த்து முடக்கப்பட்டது. நஷ்டத்தை எல்லாப் பயனர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நிறுவனத்தின் திட்டம். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவில், கிரிப்டோ நாணயம் கையால் தொடக்கூடிய பொருளும் அல்ல, செலாவணியும் அல்ல, ஆனாலும் அது சொத்து என்றார். அனுபவிக்கவும் உடைமையாக வைத்திருக்கவும் கூடியது, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் கூடியது என்றும் சொன்னார். நியூசிலாந்து உயர் நீதிமன்றம் 2020-ல் கிரிப்டோபியா வழக்கில் அளித்த தீர்ப்பு அவருக்குத் துணையாக நின்றது.

இந்த உத்தரவின் ஆழம் நம்பிக்கைப் பொறுப்பைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. சாவி நிறுவனத்திடம் இருந்தது. உரிமை முதலீட்டாளரிடம் இருந்தது. இரண்டும் வேறு என்று ஒரு நீதிமன்றம் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிட்டது. பிறர் பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு உள்ள கடமை, பொருள் கண்ணுக்குத் தெரியாததாக இருந்தாலும் குறைவதில்லை. ஆனால் உலாவிக்குள் இருக்கும் வாலட்டில் பொறுப்பாளர் என்று யாரும் வெளிப்படையாக இல்லை. பயனரே எல்லாம். அதனால் அவர் வழக்குத் தொடுக்கவும் எதிராளி இல்லை. பரிவர்த்தனை நிறுவனத்தை நம்பியவருக்கு நீதிமன்றமாவது இருந்தது. எவரையும் நம்ப வேண்டாம் என்று சொல்லப்பட்டவருக்கு அதுவும் இல்லை. உண்மையிலேயே இங்கே பொறுப்பாளர் ஒருவரும் இல்லையா என்பதை, அடைக்கலப் பொருளைப் பற்றிய பழைய சட்டங்களைக் கொண்டு பார்ப்பது பயன் தரும்.

யூதச் சட்டத்தில் இது மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட பகுதி. விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரத்திலிருந்து கிளைத்து, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா பிறர் பொருளை வைத்திருப்போரை நான்கு வகையாகப் பிரிக்கிறது: கூலியில்லாமல் காப்பவர், கூலி வாங்கிக் காப்பவர், இரவல் வாங்கியவர், வாடகைக்கு எடுத்தவர். கூலியில்லாமல் காப்பவர் தன் அலட்சியத்துக்கு மட்டுமே பொறுப்பு. கூலி வாங்குபவரோ பொருள் திருடு போனாலும் தொலைந்தாலும் ஈடு செய்ய வேண்டும். இரவல் வாங்கியவருக்குப் பொறுப்பு இன்னும் கனமானது, ஏனெனில் ஆதாயம் முழுவதும் அவருக்கே. யாருக்கு ஆதாயமோ அவருக்குப் பொறுப்பு என்ற நியதி இந்த வகைப்பாட்டின் உள்ளே ஓடுகிறது. மட்டாஞ்சேரி யூதத் தெருவின் வணிகர்கள் தங்கள் வழக்குகளைச் சமயப் பெரியவர்களிடம் கொண்டுபோனபோது அவர்கள் முன் இருந்த அளவுகோல் இந்த மரபினுடையது.

அந்த அளவுகோலை உலாவியின் மேல் வைத்துப் பார்க்கலாம். வாலட்டை இலவசமாகத் தருவதால் நிறுவனம் கூலியில்லாக் காவலர் என்று தோன்றும். ஆனால் மெட்டாமாஸ்க் ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றும் ஒவ்வொரு முறையும் 0.875 விழுக்காடு கட்டணம் எடுக்கிறது. பிற வாலட்டுகளுக்கும் இதுபோன்ற வருமானம் உண்டு. பயனரின் பொருள் அந்தச் சன்னலில் புழங்குவதால் நிறுவனத்துக்கு ஆதாயம் வருகிறது. அப்படியானால் அது கூலி வாங்கும் காவலருக்கு நெருக்கமானது. சாவியை நாங்கள் வைத்திருக்கவில்லை என்று பயன்பாட்டு விதிகளில் எழுதிவைப்பது உண்மைதான். முன்கூட்டியே நிபந்தனை பேசிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள மிஷ்னாவும் இடம் தருகிறது. ஆனால் நிபந்தனை என்பது இருவரும் அறிந்து பேசியதாக இருக்க வேண்டும். படித்து முடிக்க முடியாத நீளத்தில் எழுதி, ஒரே சொடுக்கில் ஏற்க வைத்ததை அப்படிப் பேசியது என்று கொள்வது கடினம்.

பொருளை எங்கே வைப்பது என்பதிலும் அந்த மரபுக்கு அக்கறை உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த அறிஞர் ஷ்முவேல், பணத்துக்கு மண்ணுக்குள் புதைப்பதே தகுந்த காவல் என்றார். இணையத்தோடு ஒருபோதும் இணையாத கருவியில் சாவியை வைப்பது இன்று அதற்கு இணையானது. ஊரெல்லாம் வந்துபோகும் உலாவியில் வைப்பது அதற்கு நேர் எதிரானது. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரமோ வேறு பக்கம் போகிறது. எசமானர் தந்த தாலந்தை மண்ணில் புதைத்துவைத்த ஊழியன் அங்கே கண்டிக்கப்படுகிறான். ஒரே செயலுக்கு இரண்டு தீர்ப்பு. ஒன்று பிறர் பொருளைக் குறையாமல் காப்பதைப் பேசுகிறது, மற்றது அருளப்பட்டதைப் பயன்படுத்துவதைப் பேசுகிறது. உலாவி வாலட்டை விற்பவர்கள் இரண்டையும் ஒருசேர வாக்களிக்கிறார்கள்: பாதுகாப்பும் உண்டு, எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலும் உண்டு என்று. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பதைச் சொல்வது நேர்மை.

இஸ்லாத்தில் அடைக்கலம் இறைக்கட்டளை. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அமானிதங்களை, அதாவது அடைக்கலப் பொருள்களை, உரியவர்களிடம் சேர்க்கப் பணிக்கிறது. நபிகள் மக்காவை விட்டு மதீனாவுக்குச் சென்றபோது, தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்க அலீ அவர்களை அங்கேயே விட்டுச் சென்ற வரலாற்றை ஒவ்வொரு பள்ளிவாசலிலும் சொல்வார்கள். தம்மைத் துரத்தியவர்களின் பொருளும் அதில் இருந்தது என்பதே அதன் பெருமை. கிரிப்டோவைப் பொறுத்தவரை மார்க்க அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தின் தலைமை முஃப்தி 2018-ல் பிட்காயினைத் தடுத்தார். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் நாணயமாகப் பயன்படுத்துவதை விலக்கியது. நிச்சயமின்மை மிகுந்த பேரத்தைத் தடுக்கும் விதியே இவற்றின் பொதுவான அடிப்படை. வேறு அறிஞர்கள் அதைச் சொத்தாக ஏற்கிறார்கள்.

ஆனால் உலாவி வாலட்டுக்கு மிகவும் பொருந்துவது இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். குர்ஆனிலேயே நீளமான வசனம் அது, கடனை எழுதிவைப்பது பற்றியது. நேர்மையான எழுத்தர் இருவருக்குமிடையே எழுத வேண்டும். கடன்பட்டவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அவர் விவரம் குறைந்தவராகவோ பலவீனராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். கையெழுத்திடுபவருக்குத் தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இத்தனை கவலை காட்டிய சட்டம் அரிது.

உலாவியின் உண்மையான வேலை இங்கேதான் புலப்படுகிறது. அது வெறும் பெட்டி அல்ல. பத்திரத்தைப் படித்துக் காட்டும் எழுத்தரும் அதுவே. பயனர் பேரேட்டின் மொழியைப் படிக்க முடியாது. நீண்ட எண்ணெழுத்துக் கோவை அது. சன்னலில் உலாவி எதைக் காட்டுகிறதோ அதையே அவர் நம்பிப் பொத்தானை அழுத்துகிறார். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற பரிவர்த்தனை நிறுவனத்திலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனது இந்த வழியில்தான். சாவிகள் திருடப்படவில்லை. கையெழுத்திட்டவர்கள் உரிமையுள்ளவர்களே. ஆனால் அவர்கள் பார்த்த வலைப்பக்கத்தின் நிரல் மாற்றப்பட்டிருந்தது. திரையில் வழக்கமான பரிமாற்றம் தெரிந்தது. கையொப்பம் விழுந்தது வேறொன்றின் மேல். வஸீர்எக்ஸ் நிறுவனமும் தன் இழப்புக்கு, திரையில் காட்டப்பட்டதும் உண்மையில் கையொப்பமானதும் வேறாக இருந்ததே காரணம் என்று விளக்கம் அளித்தது. 2025 டிசம்பர் கடைசியில் டிரஸ்ட் வாலட்டின் உலாவி நீட்சிக்கு வந்த ஒரு புதுப்பிப்புக்குள்ளேயே திருட்டு நிரல் நுழைந்திருந்தது. பயனர்கள் பல லட்சம் டாலரை இழந்தார்கள். நிறுவனம் இழப்பை ஈடு செய்ய முன்வந்தது. பொறுப்பாளரே இல்லாத ஏற்பாடு என்று சொல்லப்பட்டதில், பொறுப்பு யாருடையது என்பது அந்த நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பொருளைக் காப்பவராக உலாவி தன்னைக் கருதாமல் இருக்கலாம். எழுத்தராக இருப்பதை அது மறுக்க முடியாது. தமிழ்க் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கொடுத்தவர் பெயரும் சாட்சிகள் பெயரும் இருப்பதோடு, இது இன்னாருடைய எழுத்து என்று எழுதியவரும் கடைசியில் தன் பெயரைப் பொறித்தார். எழுதியதற்கு அவர் பொறுப்பு. உலாவி நிறுவனங்களும் காட்டியதற்குப் பொறுப்பேற்க வேண்டும். புரியாத கோவையைக் காட்டி ஒப்புதல் வாங்குவதை அவை நிறுத்துவது அந்தப் பொறுப்பின் முதல் படி.

மட்டாஞ்சேரியின் குஜராத்தி வணிகர்கள் கொண்டுவந்த உண்டியல் மரபிலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. உண்டியல் என்பது ஓரூரில் கட்டிய பணத்தை வேறூரில் பெற்றுக்கொள்ளும் கடிதம். அதில் ஷா-ஜோக் என்ற வகை உண்டு. சந்தையில் மதிப்புள்ள, முகம் தெரிந்த ஒரு வணிகர் மூலமாக வந்தால் மட்டுமே அதற்குப் பணம் கிடைக்கும். கடிதத்தைத் திருடியவன் அதை நீட்டிப் பணம் பெற முடியாது. அது திருட்டுக் கடிதம் என்று பின்னர் தெரிந்தால், அதைக் கொண்டுவந்த வணிகர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பத்திரம் யார் கையில் இருக்கிறது என்பதோடு, அது நேர்மையாக வந்ததா என்பதையும் கேட்கும் ஏற்பாடு அது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம்கூட இந்திய மொழிகளில் எழுதப்பட்ட உண்டியல்களின் உள்ளூர் வழக்கத்தை அப்படியே விட்டுவைத்தது. 1957-ல் யூதத் தெருவில் தொடங்கிய மிளகு வணிகச் சங்கத்தின் முன்பேர ஏலத்திலும், கூடத்தில் நின்று கூவிய வாய்ச்சொல்லே பேரத்தை முடித்தது. கூவியவர் யார் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்ததால்தான் அது நடந்தது.

சமண இல்லறத்தாரின் விரதங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கள்ளாமை விரதத்துக்கு ஏற்படும் களங்கங்களைத் தத்துவார்த்த சூத்திரம் பட்டியலிடும்போது, தான் திருடாவிட்டாலும் திருட்டுப் பொருளை வாங்குவதையும் அதில் சேர்க்கிறது. கிரிப்டோ பேரேட்டில் ஒவ்வொரு நாணயமும் எந்த முகவரி வழியாக வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்படி பதிந்திருக்கிறது. திருட்டுப் பொருளின் தடத்தை இத்தனை தெளிவாகக் காட்டும் சந்தை இதற்கு முன் இருந்ததில்லை. அறியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்ல இங்கே இடம் குறைவு. பார்க்க முடிந்ததைப் பார்ப்பதும் இங்கே விரதத்தின் பகுதியாகிவிடுகிறது. உடைமைக்குத் தானே அளவு வகுத்துக்கொள்ளும் இன்னொரு விரதத்துக்கோ, ஒரு நொடியும் ஓயாமல் விலை காட்டும் சன்னல் பெரும் சோதனை.

கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பது இந்த நாணயங்களின் மற்றொரு அடிப்படை. காக்கநாட்டுக்குப் பக்கத்தில் உள்ள திருக்காக்கரையில் ஓணத்தின்போது நினைக்கப்படும் கதையும் அதுவே. மூவடி மண் கேட்ட குள்ளன் யார் என்பதைக் குரு சுக்கிராச்சாரியார் மாவலி மன்னனுக்குச் சொல்லிவிட்டார். கொடுக்காதே என்று தடுத்தார். ஆபத்தில் சொன்ன சொல்லை மீறலாம் என்றுகூட வாதாடினார் என்கிறது பாகவதம். மாவலி கேட்கவில்லை. கெண்டியின் வாயில் வண்டாக அடைத்துக்கொண்ட குருவின் கண்ணைத் தர்ப்பை குத்தியதாக நாட்டார் வழக்குச் சொல்லும். நீர் வார்த்தாயிற்று, தானம் முடிந்தது. தாரை வார்த்த பின் திரும்பப் பெறுவது தகாது என்பதே மரபு.

ஆனால் அந்தக் கதையில் மாவலிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தது, அவகாசம் இருந்தது, மனமும் முழுமையாக ஒப்பியது. திரும்பப் பெற முடியாத கொடைக்கு அந்த மனமே அடிப்படை. அது இல்லாத கொடையைத் தர்மசாத்திரம் கொடையாகவே ஏற்கவில்லை. நாரத ஸ்மிருதி, கொடுத்தும் கொடுக்கப்படாதவையாகவே கருதப்படும் கொடைகளைப் பதினாறாக எண்ணுகிறது. அச்சத்தால் கொடுத்தது, கோபத்தால் கொடுத்தது, துயரத்தில் கொடுத்தது, விளையாட்டாகக் கொடுத்தது, ஏமாற்றப்பட்டுக் கொடுத்தது, சிறுவர் கொடுத்தது, போதையில் கொடுத்தது, சித்தம் கலங்கியவர் கொடுத்தது என்று அது போகிறது. கிரிப்டோ பேரேட்டுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. மிரட்டப்பட்டு அழுத்திய பொத்தானும் மனமாரக் கொடுத்த காணிக்கையும் அதற்கு ஒரே கையொப்பம். திரும்பப் பெற முடியாமையை அது எடுத்துக்கொண்டது. அதைத் தாங்கி நின்ற மனத்தின் ஒப்புதலை விட்டுவிட்டது. உலாவி வாலட் மீது வைக்கத்தக்க மிகக் கனமான குறை இதுதான்.

கிரிப்டோ உலகமே ஒரு முறை இந்தக் கேள்வியின் முன் இரண்டாகப் பிளந்திருக்கிறது. 2016 ஜூனில் டாவ் என்ற பொது நிதியிலிருந்து, நிரலில் இருந்த ஓட்டை வழியாக ஒருவர் ஈத்தரியத்தின் நாணயமான ஈத்தரில் சுமார் 36 லட்சத்தை வெளியே எடுத்தார். நிரல் அனுமதித்ததைத்தான் அவர் செய்தார். நிரலே சட்டம் என்றால் அது திருட்டு அல்ல. பெரும்பான்மையோர் அதை ஏற்காமல் ஜூலை 20 அன்று பேரேட்டையே கிளைபிரித்துப் பணத்தை மீட்டார்கள். எழுதியது எழுதியதுதான் என்று நின்ற சிலர் பழைய பேரேட்டைத் தொடர்ந்தார்கள். அது இன்று ஈத்தரியம் கிளாசிக் என்று வழங்குகிறது. நாரதர் பேசிய மனத்தின் ஒப்புதலைப் பெரும்பான்மையோர் அன்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இழப்பு பெரிதாகவும் இழந்தவர்கள் பலராகவும் இருந்ததால் கிடைத்த நீதி அது. தனியொருவர் தன் உலாவியில் இழந்ததற்காகப் பேரேடு கிளை பிரிவதில்லை.

பேரேட்டின் ஆதரவாளர்கள், ஆயிரக்கணக்கான கணினிகள் சாட்சியாக இருக்கின்றன என்பார்கள். சாட்சி எதைக் கண்டது என்பது முக்கியம். கி.பி. 849-ல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அய்யனடிகள் திருவடிகள் அளித்த செப்பேட்டில், அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்திலான பாரசீகம் ஆகியவற்றில் சாட்சிகள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கிறித்தவப் பள்ளிக்கு இந்து ஆட்சியாளர் தந்த கொடைக்கு இஸ்லாமியரும் பார்சிகளும் யூதரும் சாட்சி. சுமார் கி.பி. 1000-ல் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் 72 உரிமைகள் தந்த செப்பேட்டில் வேணாடு, ஏறாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளின் தலைவர்கள் சாட்சியாக நிற்கிறார்கள். மட்டாஞ்சேரி யூதப் பள்ளி காத்துவந்த செல்வம் அந்தச் செப்பேடு. இந்தச் சாட்சிகளுக்குக் கொடுத்தவரையும் பெற்றவரையும் தெரியும். சச்சரவு வந்தால் வந்து பேச முடியும். கணினிச் சாட்சிகள் எண் நகர்ந்ததைக் கண்டவை, அவ்வளவே. அந்த அளவில் அவை பொய் சொல்லாதவை என்பது உண்மையான சிறப்பு. ஏட்டைத் திருத்தி ஏழையின் நிலத்தைப் பறித்த கணக்கர்களை நம் நாடு அறியும்; அந்தக் கொடுமை இங்கே நடக்காது. ஆனால் ஏன் நகர்ந்தது என்பதை அவற்றிடம் கேட்க முடியாது.

மரணத்தில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. குர்ஆன் வாரிசுகளின் பங்கைப் பின்னங்களாகவே வகுத்திருக்கிறது. கேரளத்தின் மருமக்கள் தாயமும் இந்துக் கூட்டுக் குடும்பமும் யாருக்கு எது என்பதைத் தலைமுறைகளாகச் சண்டையிட்டுத் தெளிந்தவை. உலாவி வாலட்டுக்கு வாரிசு கிடையாது. சொற்களைத் தெரிந்தவர் இறந்தால் சொத்து பேரேட்டில் எல்லோர் கண்ணிலும் பட்டபடி, எவருக்கும் எட்டாமல் நிற்கும். உயிரோடு இருக்கும்போதே சொற்களைச் சொல்லிவைத்தால், கேட்டவர் அந்தக் கணமே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். வைத்திருப்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவே ஒப்படைத்தல் என்று ஒரு நிலையை மனிதர் கண்டுபிடித்ததே இதற்காகத்தான். ஒற்றைச் சாவிக்கு அந்த நிலை தெரியாது.

தொழில்நுட்பம் இப்போது அந்த இடைநிலையை நோக்கித் திரும்பி வருகிறது. பயனர் முன்கூட்டியே தேர்ந்துகொண்ட சில நண்பர்களோ உறவினர்களோ நிறுவனங்களோ காவலர்களாக இருந்து, சாவி தொலைந்தால் அவர்களில் பெரும்பாலோர் சேர்ந்து புதிய சாவிக்கு ஒப்புதல் அளிக்கும் ஏற்பாட்டை ஈத்தரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின் 2021-ல் வலியுறுத்தினார். தனியொரு காவலரால் பொருளைத் தொட முடியாது. காவலர்கள் சேர்ந்தால் உரியவரிடம் சேர்க்க முடியும். 2023 முதல் ஈத்தரியத்தில் புழக்கத்துக்கு வந்த நிரல்வழிக் கணக்குகள் இத்தகைய விதிகளைக் கணக்கிலேயே எழுத இடம் தருகின்றன. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கலாம். பெரிய தொகைக்குக் காத்திருப்பு நேரம் வைக்கலாம். இரண்டாவது ஒருவரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம். காத்திருப்பு நேரத்துக்குள் மிரட்டப்பட்டவர் தப்பிக்கலாம், ஏமாற்றப்பட்டவர் விழித்துக்கொள்ளலாம். மாவலிக்குக் கிடைத்த அவகாசம் அவர்களுக்கும் கிடைக்கும். உலாவியோடு வரும் வாலட் இந்த விதிகளைத் தேடிப்போய் இயக்க வேண்டிய கூடுதல் வசதியாக வைக்காமல், முதல் நாளிலிருந்தே இயங்கும்படி அமைப்பது அதன் கடமை. ஆனால் காத்திருப்பு முடிந்து பேரேட்டில் ஏறிவிட்ட பரிமாற்றத்தைக் காவலர்களாலும் திருப்ப முடியாது. அதன் பின் எஞ்சுவது நீதிமன்றமும், பெற்றவரின் மனச்சாட்சியும்.